கேட்டுக்கு வெளியே ஒரு லாரி கல்

அத்தியாயம் பதினான்கு

லாரி வரும் சத்தம் கேட்டபோது சாய்பிரியா அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, இல்லாத மாணவிகளுக்கு உராய்வைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு பொருள் ஏன் வழுக்காமல் நிற்கிறது என்று ஆங்கிலத்தில், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். கண்ணாடியில் இருந்தவளுக்கும் பதில் தெரியவில்லை போலிருந்தது. பதற்றத்தில் விழித்தாள்.

போன வாரம் பாலிகஞ்ச்சில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து வந்த அந்த அழைப்பைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்று பதினொரு மணிக்கு மாதிரி வகுப்பு. ஏப்ரலில் பள்ளி திறப்பதற்குள் இயற்பியலுக்கு ஆள் எடுத்துவிடுவார்கள். இன்று போகாவிட்டால் அடுத்த வருஷம் வரைக்கும் இந்த வீடு, இந்தக் குளம், இந்த நாலு சுவர்.

புனேயில் இருக்கும் கணவன் சுஜித்துக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

"தாராளமா போயிட்டு வா சாய். ஆனா அப்பா அம்மாகிட்ட இப்ப வாயைத் திறக்காதே. நான் பக்குவமா பேசிக்கறேன்" என்றான். அவன் குரல் எப்போதும் போல இதமாக இருந்தது. அதற்கப்புறம் அவன் பேசவும் இல்லை, இவள் கேட்கவும் இல்லை. கரியாஹாட்டில் ஜாக்கெட் துணி வாங்கப் போவதாக இவளாகவே ஒரு பொய்யைத் தைத்து, நேற்றே வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

கூடத்தில் மாமனார் கோபாலனின் குரல் உயர்ந்தது.

"ராதா, கல்லு வந்தாச்சு! ஆனா உள்ள விடப் போறதில்ல. திங்கக்கிழமை, ராகு காலம். ஒம்பது மணிக்கு மேலதான்."

"லாரிக்காரன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"கையைக் காட்டிட்டேன். நில்லுன்னு."

"உங்க ரயில்வே கையா? அது அவனுக்கு எப்படிப் புரியும்?"

கோபாலன் தண்டவாளப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹவுராவிலிருந்து கரக்பூர் வரை எந்த வளைவில் எந்தக் கல் எப்படிக் கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். கொல்கத்தாவை ஒட்டிய சுபாஷ்கிராமில் இந்த மனையை வாங்கி வீடு கட்டியபோது, கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் உள்ள நீண்ட மண்பாதையை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். கொல்கத்தா மழை அப்படி எதையும் விட்டுவைக்காது. போன ஆவணியில் ராதாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று ஆம்புலன்ஸ் அந்தச் சேற்றில் உள்ளே வர முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்துத் தோட்டத்து பாஷோந்தி மாஷியும் அவள் மகனும் இவர்களும் சேர்ந்து தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பாதைப் பைத்தியம் பிடித்தது அவருக்கு.

ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. மேல் மண்ணை வழித்து எடுத்தார்கள். அடியில் கிடந்த களிமண்ணை உருளை போட்டு இறுக்கினார்கள். கல் மண்ணுக்குள் புதைந்து போகாமலிருக்க, தண்ணீரை மட்டும் கீழே விடும் ஒரு முரட்டுத் துணியை விரித்தார்கள். அதன் மேல் சூளையில் அதிகமாக வெந்து கறுத்துப்போன செங்கல்லை உடைத்துப் பரப்பினார்கள். கல்லே விளையாத வண்டல் பூமி இது. அதனால் அடித்தளத்துக்குச் செங்கல், மேலே வெளியூர்க் கருங்கல். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு, ஓரத்தில் செங்கல் அணை.

சுஜித் கூழாங்கல் போடலாம் என்றான். ஏதோ வெளிநாட்டு வீட்டின் படத்தை அனுப்பியிருந்தான். வெள்ளை வெளேரென்று உருண்டைக் கற்கள்.

"தண்டவாளத்துக்கு அடியில கூழாங்கல்லாடா போடறோம்?" என்று கோபாலன் போனில் கத்தினார். "உருண்டைக் கல்லு கால் வெச்சா ஓடும். மூலை மூலையா உடைச்ச கல்லுதான் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நிக்கும்."

அதில் மட்டும் சுஜித் தோற்றான். மற்றபடி ஒப்பந்தக்காரர் நிமாயிடம் பேசுவது எல்லாம் அவன்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழைவிட வங்காளம் அவனுக்குச் சுத்தம். கோபாலனுடைய வங்காளம் கூலியாட்களை அதட்டுவதற்கு மட்டும்தான் உதவும்.

பாதை உயர்ந்ததும் இரும்பு கேட் உள்பக்கம் திறக்காமல் தரையில் இடித்தது. சுஜித்தான் போனிலேயே யோசனை சொன்னான், கீலைத் திருப்பி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி போட்டுவிடலாம் என்று. போன வாரம் மாற்றினார்கள். அதில் இருந்த சின்னத் திட்டிவாசலையும் சேர்த்து வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள்.

சாய்பிரியா புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து கைப்பையை எடுத்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது.

இடி இறங்குவது போல ஆரம்பித்து, மலை வழுக்கி விழுவது போல நீண்டு, கடைசியில் இரும்பின் மேல் சில கற்கள் கணீர் கணீரென்று விழுந்து ஓய்ந்தது.

"டேய்! டேய்! ஏய் பாய்! ருக்கோ!" கோபாலன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அவர் போய்ச் சேருவதற்குள் லாரி முதுகைத் தாழ்த்திக்கொண்டு கிளம்பிவிட்டது. மெயின் ரோட்டில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் வரும் நேரத்தில் லாரியை விடமாட்டார்கள். அதற்குள் ஓடிவிட வேண்டிய அவசரம் அவனுக்கு.

மூன்று பேரும் கேட்டின் முன்னால் நின்றார்கள். கம்பி இடைவெளியில் நெஞ்சு உயரத்துக்குக் கருநீலக் கல். கோபாலன் தாழ்ப்பாளை விலக்கித் தள்ளினார். கேட் ஒரு விரல்கடை கூட அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். அவருடைய மூச்சுதான் அசைந்தது.

"போச்சு" என்றார்.

"என்ன போச்சு?"

"வெளிப்பக்கம் திறக்கற கேட் இது. வெளிப்பக்கம்தான் கொட்டிட்டுப் போயிருக்கான்."

ராதா கேட்டைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நாளும் நேரமும் பார்த்து நம்மளையே உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க."

"ராகு காலத்துல கல்லை உள்ள விடச் சொல்றியா? பாதை விளங்குமா?"

"நீங்க பாக்கறது மெட்ராஸ் காலண்டர். இந்த ஊர்ல சூரியன் சீக்கிரமே வந்து உக்காந்துடறான். உங்க ராகு மட்டும் சென்ட்ரல்லேர்ந்து ரயில் ஏறி மெதுவா வர்றான். இங்க ராகு காலம் முடிஞ்சே போயிருக்கும்."

முப்பது வருஷமாகக் கோபாலன் கொல்கத்தாவில் இருந்துகொண்டு சென்னை நேரத்துக்கு நல்லது கெட்டது பார்த்திருக்கிறார் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது போல, வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

நிமாய்க்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. கூலியாட்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். மண்வெட்டியும் கூடையும் அவர்களோடு.

"சரி விடு, மத்தியானம் வந்து அள்ளிடுவாங்க" என்றார். "யாருக்கு இப்ப என்ன அவசரம்?"

சாய்பிரியா சுற்றிலும் பார்த்தாள்.

இடது பக்கம் கொய்யாத் தோட்டத்துச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு. வலது பக்கம் குளம் சுவரோடு ஒட்டி நின்றது. பின்னால் அடுத்த தெரு வீட்டின் முதுகு. தினமும் பார்க்கிறவைதான். ஆனால் இந்த வீட்டுக்கு ஒரே ஒரு வாய்தான் உண்டு என்பதை இன்றுதான் பார்த்தாள். பனிதேசத்துக் கதைகளில் இரவோடு இரவாகப் பனி விழுந்து கதவை அடைத்துவிடும். உள்ளே இருப்பவர்கள் விறகை எண்ணிக்கொண்டு வசந்தத்துக்குக் காத்திருப்பார்கள். மன்னார்குடியில், பிறந்த வீட்டின் புழுங்கும் மாடியறையில் படுத்துக்கொண்டு அவற்றைப் படித்தபோது அது எவ்வளவு அழகாக இருந்தது! உள்ளே மாட்டிக்கொண்டவளுக்கு அதில் அழகு ஒன்றும் இல்லை. வசந்தம் வரைக்கும் பதினொரு மணி காத்திருக்காது.

"மாமா, நான் வெளிய போகணும்."

"கரியாஹாட்தானேம்மா? நாளைக்குப் போயேன். துணி எங்க ஓடிடப் போகுது?"

"துணி வாங்க இல்ல மாமா." குரல் எங்கிருந்தோ வந்தது. "எனக்கு இன்னிக்கு இன்டர்வியூ. பாலிகஞ்ச்ல. பதினோரு மணிக்குப் பாடம் எடுத்துக் காட்டணும். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்."

குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

கோபாலனின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு. வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட மனிதரின் முகம்.

"சுஜித்துக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா. அவர்தான் உங்ககிட்ட பேசறேன்னார்."

"எங்கிட்ட ஒண்ணும் பேசலையே. நேத்து ராத்திரி கூடப் பேசினான். எப்ப லாரி வருதுன்னுதான் கேட்டான்."

ராதா குறுக்கே வந்தாள்.

"அதான பார்த்தேன். மூணு நாளா பாத்ரூம்ல யாருக்கு கிளாஸ் எடுக்கறாளோன்னு நினைச்சேன். தனியா பேச ஆரம்பிச்சுட்டாளே, மந்திரிக்கணுமோன்னு கூடத் தோணிச்சு." மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தப் புடவையா? சரி, நல்லாத்தான் இருக்கு. ஏங்க, மரம் மாதிரி நிக்காதீங்க. மாமரத்துல சாத்தி வெச்ச ஏணி எங்க?"

"ஏணியா? கேட்டு மேல ஈட்டிக் கம்பி இருக்குடி. கால்ல ஏறினா?"

"சாக்கைப் போட்டு மூடுங்க. ஆம்புலன்ஸ் வராதப்போ என்னை நாற்காலியில தூக்கிட்டுப் போனீங்கல்ல? அப்போ இவளும்தானே ஒரு கால் பிடிச்சா? அவளுக்கு இன்னிக்கு ஏணி பிடிக்க ஆள் இல்லையா?"

"உனக்கு உடம்பு முடியாம இருக்கும்போது, வீட்ல ஒருத்தி..."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவ வீட்ல இருந்தா என் நெஞ்சு வலி என்ன அவளைப் பார்த்து வெக்கப்படப் போறதா?"

கோபாலன் ஏணிக்குப் போனார். அதற்குப் பிறகு அவருக்கு வேகம் வந்துவிட்டது. வேலை ஒன்று கிடைத்தால் போதும், மனத்தாங்கலை ஒரு ஓரமாக வைத்துவிடுகிற சுபாவம் அவருக்கு. மூங்கில் ஏணியைச் சாத்தினார், ஆட்டிப் பார்த்தார், ஈட்டி முனைகளின் மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டார்.

"மேல போய்த் திரும்பிக்கோ. முதுகைக் காட்டி இறங்கு. செருப்பைக் கழட்டாதே, கல்லு கிழிச்சுடும். முதல் கால் வெக்கறப்போ கொஞ்சம் இறங்கும். பயந்து எடுத்துடாதே. அழுத்து. கோத்துக்கும்."

ஏறினாள். உச்சியில் சாக்கின் மேல் ஒரு காலைப் போட்டு உட்கார்ந்தபோது இந்தப் பக்கம் வீடு தெரிந்தது, அந்தப் பக்கம் சந்து தெரிந்தது. இரண்டிலும் சேராமல் நடுவில் அவள் ஒருத்தி. கீழே கறுத்த செங்கல் பாதை வாசல் வரைக்கும் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடந்தது. 'தடையில்லாம போய் வர்றதுக்குத்தான்' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லிப் போட்ட பாதை.

"ஏ கீ! பௌமா!" சந்தில் கொய்யாக் கூடையோடு நின்ற பாஷோந்தி மாஷி மருமகளே என்று கூவி வாயில் கை வைத்தாள். "வீட்டை விட்டு ஓடறியா?"

"வேலைக்கு மாஷி!" என்று வங்காளத்தில் கத்தினாள் சாய்பிரியா.

"அப்ப இரு, கையைக் குடு!"

புடவை முந்தானை ஈட்டி முனையில் மாட்டிச் சர்ரென்று கிழிந்தது. உள்ளே ராதா "போனா போகட்டும், இறங்கு!" என்றாள். சாய்பிரியா காலை நீட்டினாள். கல் சரிந்தது. ஒரு கணம் எல்லாமே சரிவது போலிருந்தது. அழுத்தினாள். அடியில் மூலைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் கரகரப்பு பாதத்தில் தெரிந்தது. நின்றது. உருண்டைக் கல்லாக இருந்திருந்தால் இந்நேரம் குவியலோடு சந்தில் கிடந்திருப்பாள்.

மாஷியின் காய்த்துப்போன கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. தரை.

கேட் கம்பிகளுக்கு இடையில் கோபாலனின் முகம் தெரிந்தது. இப்போது அவர்தான் உள்ளே இருந்தார்.

"சாய்மா, ஒண்ணு கேட்டா செய்வியா? சுஜித்துக்கு இந்தக் கல்லு விஷயத்தைச் சொல்லாதே. மெட்ராஸ் ராகு, பெங்கால் ராகுன்னு ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவான். அள்ளி முடிச்சப்புறம் சாயங்காலமா நானே சொல்லிக்கறேன்."

"சொல்ல மாட்டேன் மாமா."

"போ, போ. டோட்டோ ரிக்ஷா பிடிச்சுக்கோ. நடந்தா ரயிலை விட்டுடுவே."

பெண்கள் பெட்டியில் நிற்கவே இடம் இல்லை. சோனார்பூரில் இன்னும் ஏறினார்கள். முந்தானையின் கிழிசலை உள்பக்கம் மடித்து ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டாள். எதிரே இருந்த பெண்ணே கழற்றிக் கொடுத்த ஊக்கு அது. ஜாதவ்பூர், டாக்குரியா. குதிகாலில் ஏதோ உறுத்திக்கொண்டே வந்தது. குனியக்கூட முடியவில்லை. பாலிகஞ்ச்சில் இறங்கி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றி உதறினாள். நகக்கண் அளவில் இல்லை, நன்றாகவே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கருங்கல். எறியப் போனவள் எறியாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

வகுப்பில் எல்லாம் மறந்துவிட்டது. கண்ணாடி முன்னால் மனப்பாடம் செய்த முதல் வரி கூட நினைவுக்கு வரவில்லை. பின் பெஞ்சில் மூன்று ஆசிரியைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பெண்கள் அவளுடைய ஊக்கு குத்திய முந்தானையையே பார்ப்பது போலிருந்தது.

கைக்குட்டையை எடுக்கப் பையில் கை விட்டாள். கல் கையில் அகப்பட்டது.

அதை மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் முதல் பெஞ்சுப் பெண்ணிடமிருந்து ஒரு கோலிக் குண்டு மாதிரியான பாசிமணியை வாங்கி வைத்தாள். ஒரு புத்தகத்தின் மேல் இரண்டையும் வைத்து மெதுவாகச் சாய்த்தாள். மணி உருண்டு ஓடியது. கல் உட்கார்ந்தே இருந்தது.

"இன்னிக்குக் காலைல இந்தக் கல்லு மேலதான் ஏறி வந்தேன். நான் ஏன் விழலை?" என்று கேட்டாள்.

பத்துக் கைகள் உயர்ந்தன. அப்புறம் அவள் எதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

தலைமையாசிரியை வராந்தா வரைக்கும் கூடவே வந்தார். "ஏப்ரல் முதல் தேதி சேர முடியுமா? வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். முடியும் என்று சொல்ல வாயெடுத்தவள், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். ஆனால் கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது? படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

போன் அடித்தது. கோபாலன்.

"என்னம்மா ஆச்சு? ... அப்படியா! ஏய் ராதா, வரச் சொல்லிட்டாங்களாம்! ... இங்க இன்னும் அப்படியேதான் கிடக்கு. நிமாய் போனை எடுக்கவே மாட்டேங்கறான். நீ வர்றப்போ ஏணியை அந்தப் பக்கம் இறக்கித் தர்றேன். சுஜித் கூப்பிட்டானா?"

"இல்ல மாமா."

"எனக்கும் இல்ல. கூப்பிட்டா வேலை விஷயத்தை மட்டும் சொல்லு. கல்லு கதை நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டே வைத்தாள். பள்ளியின் வாசலில் ஓர் இலவ மரம் இலையே இல்லாமல் பூவாக நின்றது. சிவப்புப் பூ ஒன்று தொப்பென்று அவள் முன்னால் விழுந்தது. குனிந்து எடுக்கும்போதே மறுபடி போன். சுஜித்.

"சாய், மனசைத் தளர விடாதே." எடுத்த எடுப்பிலேயே அந்த இதமான குரல். "எவ்வளவு ஆசைப்பட்டே. எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல."

"எதுல?"

"இன்டர்வியூ போக முடியாம போச்சே, அதுலதான். கேட்டை அடைச்சு ஒரு லாரி கல்லைக் கொட்டிட்டா நீ என்னதான் பண்ணுவே? பரவாயில்ல. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் அம்மாகூட இரு. அம்மாவுக்கும் ஒரு துணை."

சாய்பிரியா நிமிர்ந்தாள். கையில் பூ இருந்தது. கால் மட்டும் மறுபடி அந்தக் குவியலின் மேல் நின்றது. சரிந்தது.

"கல்லு கொட்டினதை உங்களுக்கு யார் சொன்னா?"

ஒரு கணம் தாமதம். மிகச் சின்னது.

"அப்பாதான். காலைலயே போன் பண்ணினாரே. பாவம், ரொம்ப நொந்து போயிட்டார்."

கீலைத் திருப்பிப் போடச் சொன்னது யார், நேற்று இரவு லாரி எப்போது வரும் என்று விசாரித்தது யார், நிமாயிடம் பேசுகிற ஒரே வாய் யாருடையது என்று ஒவ்வொன்றாக வந்து ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டன. அசையவில்லை.

பின்னால் பள்ளி மணி அடித்தது. பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு படிகளில் இறங்கி ஓடிவந்தார்கள்.

"அது என்ன மணி? சாய்... நீ இப்ப எங்க இருக்கே?"

பைக்குள் கை விட்டாள். கல்லின் கூர்மையான மூலை உள்ளங்கையில் குத்தியது. விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லுக்கு இந்தப் பக்கம்" என்றாள்.